ஏகப்பன் வீசாத துண்டு

என் வீட்டுக்காரர் ஏகப்பனுக்கு மூன்று வேலை. குட்டியானை வண்டியில் லோடு அடிப்பது ஒன்று. கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கரில் நெல்லோ மிளகாயோ போட்டுப் பார்ப்பது ஒன்று. மூன்றாவது வேலைக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. வானத்தைப் பார்ப்பதுதான் அந்த வேலை.

கேலிக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கேலிக்கும்தான் சொல்கிறேன். இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? வண்டி ஓட்டிக்கொண்டே தலையை வெளியே நீட்டி மேற்கே பார்ப்பார். ஒரு தடவை காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டி, குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லியிருக்கிறார். இவர் ஊதிக் காட்டிவிட்டு, "சாயந்தரம் நாலு மணிக்கு மழை சார், வீட்ல கொடியில கிடக்குறதை எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நாலேகாலுக்கு மழை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தப் போலீஸ்காரர் இந்த வண்டியைப் பார்த்தால் நிறுத்துவார், மழை கேட்பதற்கு. நானும் அப்போது பெருமையாகத்தான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் ஊர் மானகிரிக்கு மேற்கே, தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் சின்னது, கண்மாய் பெரியது. சித்திரை பிறந்து கண்மாய்த் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் வந்து ஊத்தா போட்டு மீன் பிடிக்கலாம். ஊத்தா என்றால் அடிப்பக்கம் திறந்த மூங்கில் கூடை. தண்ணீரில் அதைச் சடக்கென்று அமுக்கி, மேலே இருக்கிற வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால், விராலோ கெளுத்தியோ, உங்கள் அதிர்ஷ்டம். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். அன்று சாயங்காலம் பத்து ஊரும் ஒரே மணமாக மணக்கும்.

அந்த நாளைக் குறிப்பதும், அன்று காலையில் மடை மேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவதும் என் வீட்டுக்காரர் வகையறாவின் பொறுப்பு. துண்டு வீசும்வரை ஒரு கால் தண்ணீரில் படாது. வீசிவிட்டால் ஆயிரம் இரண்டாயிரம் பேர் 'ஓ'வென்று கத்திக்கொண்டு இறங்குவார்கள். துண்டு வீசியவர் மட்டும் மீன் பிடிக்க மாட்டார். மேலேயே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அத்தனை பேருக்கும் அன்று அவர் கண்தான் கண்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டிக்கொடுத்த மகளை அந்த நாளுக்கு அப்பன்காரன் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். 'மீனுக்கு அழைக்கிறது' என்போம். தீபாவளிக்கு அழைக்காவிட்டால்கூட எங்கள் ஊர்ப் பெண்கள் போனால் போகிறது என்பார்கள். மீனுக்கு அழைக்காவிட்டால் அவ்வளவுதான், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

இவர் எப்படித்தான் நாள் பார்க்கிறார் என்று கல்யாணமான புதிதில் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பெரிய மந்திரம் எல்லாம் இல்லை. விடியும் நேரத்தில் கண்மாய்க்குப் போவார். ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து ஆவாரஞ்செடி மேல் போடுவார். பக்கத்தில் குத்தவைத்து அது காய்வதைப் பார்ப்பார். அவ்வளவுதான். எந்த ஓரம் முதலில் காய்கிறது, எவ்வளவு நேரத்தில் காய்கிறது, நடுவில் எறும்பு ஏறுகிறதா, தட்டான் வந்து உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நான் கூப்பிட்டால் காதில் விழாது. பாதித் தூக்கத்தில் இருக்கிறவர் முகம் மாதிரி இருக்கும். திரும்பி வந்து, "சித்ரா, இன்னைக்குக் காத்து தண்ணிக்குள்ளருந்து வருது" என்பார். நான் என்ன சொல்ல? "வரட்டும், காபி ஆறுது" என்பேன்.

எல்லாம் எப்போது மாறியது என்று கேட்டால் எனக்குத் தேதி சொல்லத் தெரியாது. ஒரு பங்குனிக் காலை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. கண்மாய்க்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்து, "எந்திரி, வந்து பாரு" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். கரையில் ஏறினால் கண்மாயைக் காணோம். பனி. மார்கழியில்கூட அப்படி நான் பார்த்ததில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுவில் நாலைந்து நாரைகள் எதன் மேலும் நிற்காமல் நின்றுகொண்டிருந்தன. எங்கேயோ ஒரு மீன் துள்ளிய சத்தம் மட்டும் கேட்டது. ஊர்ப்பட்ட வேலை கிடந்தது எனக்கு, ஆனாலும் நகர மனசு வரவில்லை. அழகுதான் போங்கள், இல்லையென்று சொல்லவில்லை. இவர் மட்டும் குனிந்து கரை மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"பங்குனியில பனி எதுக்குடி?" என்றார்.

"என்னையக் கேட்டா? நானா போட்டேன்?" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தடம் புரண்டது. வேம்பு மாசியிலேயே பூத்துக் கொட்டியது. ஆடிக் காற்று புரட்டாசியில் வந்து கூரைத் தகரத்தைத் தூக்கியது. ஐப்பசி கார்த்திகையில் மெல்ல மெல்லப் பெய்து கண்மாயை நிரப்புகிற மழை, இரண்டே நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போனது. தட்டான்கள் தாழப் பறந்தன, மழை வரவில்லை. வரப்பு நண்டு வளையைச் சேறு வைத்து அடைத்தது, நாலு நாள் வெயில் கொளுத்தியது. "அதுகளுக்கே தெரியல பாரு" என்று இவர் ஒரு நாள் நண்டைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் யாராவது வந்து, "ஏகப்பா, நாத்து விடலாமா?" என்று கேட்டால் மட்டும் உடனே பதில் வந்துவிடும். விடு, விடாதே, நாளை, மறுநாள். பதில் இல்லாமல் ஒருவரையும் இவர் திருப்பி அனுப்பியதில்லை.

அப்படித்தான் எங்கள் மகள் கல்யாணத்தில் மண்ணை அள்ளிப் போட்டார்.

சிவரஞ்சனி எங்களுக்கு ஒரே மகள். மாப்பிள்ளை முகேஷ் சிங்கம்புணரிக்காரர், கயிறு கம்பெனியில் சூப்பர்வைசர், தங்கமான பையன். வைகாசியில் முகூர்த்தம். மண்டபம் பிடிப்போம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "வைகாசி பதினாலுல எங்குட்டிருந்துடி மழை வரும்? நம்ம வாசல்லயே பந்தலைப் போடு, கீத்து போதும்" என்றார். வானம் அவர் மாமன் வீடு பாருங்கள்! தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாக ஊற்றியது. நான் மழை என்கிறேன், இவர் பந்தலின் நடுவில் நின்றுகொண்டு, "மழை இல்ல, தூத்தல்தான், இப்ப விட்ரும்" என்கிறார். கீற்று ஒழுகுகிறது, தூத்தல் என்கிறார். இலையில் சாம்பார் மிதக்கிறது, தூத்தல் என்கிறார். ஒலிபெருக்கிக்காரன் மிஷினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடுகிறான், அவனிடமும் தூத்தல் என்கிறார். இரண்டு மணி நேரம் இந்தக் கூத்து. "இம்புட்டுப் பெரிய தூத்தலை நாங்க சிங்கம்புணரியில பாத்ததில்லப்பா" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்ல, அந்தப் பக்கம் மொத்தமும் சிரித்தது. சிவரஞ்சனி நனைந்த பட்டுச்சேலையோடு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனவள் போனவள்தான். என்னோடு தினம் போனில் பேசுவாள். போனை இவர் கையில் கொடுத்தால், "டவர் இல்லம்மா" என்று வைத்துவிடுவாள். ஆடிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. ஊரார் முன்னால் தலைகுனிந்ததும், புகுந்த வீட்டில் கேலி கேட்டதும்தான் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். கண்மாய் மீனுக்கு அழைத்தால் வருவாள், வராமல் இருக்க மாட்டாள் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த மீன்பிடியும் நடந்தால்தானே! முதல் வருஷம் மாசியிலேயே கண்மாய் வற்றி வெடித்தது. அடுத்த வருஷம் இவர் நாள் குறித்தார், முந்தின இரண்டு நாளும் கொட்டித் தீர்த்து, சித்திரையில் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாகத் தண்ணீர் வழிந்து போனது. மூன்றாம் வருஷம் இன்னும் ஒரு வாரம் பொறுப்போம் என்றார், வெக்கையில் தண்ணீர் கெட்டு மீனெல்லாம் செத்து மிதந்தது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தது. இவர் மட்டும் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயத்தில் தூக்கத்தில் பேசவும் ஆரம்பித்தார். கனவில் கண்மாய் வருமாம். கரையில் அவர் அப்பா நிற்பாராம். "மழை வருமாப்பா?" என்று இவர் கேட்பாராம். அவர் வாயைத் திறந்தால் காற்றுச் சத்தம் மட்டும் வருமாம்.

இந்த வருஷம் தண்ணீர் நன்றாக நின்றது. இடுப்பளவு, கலங்காத தண்ணீர், மீன் புரளுவது கரையிலிருந்தே தெரிந்தது. சித்திரை மூன்றாவது ஞாயிறு என்று குறித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து வண்டிச் சாவியைத் தேடுவது போல அங்குட்டும் இங்குட்டும் நடந்தார்.

"என்ன சொன்னா? சொல்லித் தொலைங்களேன்."

"வாறேன்னா."

அப்புறம் என்ன நினைத்தாரோ, அடுப்படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்தத் தடவையும் நின்னுபோச்சுன்னா அவ்வளவுதான் சித்ரா. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளை அழைக்கப் போவேன்? எனக்கு மக இல்லாமப் போயிரும்" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மகளும் மருமகனும் பைக்கில் வந்து இறங்கினார்கள். சிவரஞ்சனி என்னைக் கட்டிக்கொண்டாள். இவரைப் பார்த்து, "நல்லா இருக்கீகளாப்பா?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிற மாதிரி இருந்தது. இவர் "வந்தியாத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு, துண்டு இரண்டை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போய்விட்டார்.

நாங்கள் போகும்போது கரை நிறைந்துவிட்டது. எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். லோடு வேன், டிராக்டர், பைக். தோளில் ஊத்தாவும் கச்சா வலையும் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக நின்றார்கள். ஊத்தா இல்லாதவர்கள் கொசுவலையும் பழைய சேலையும் வைத்திருந்தார்கள். அன்றும் மெல்லிய பனி இருந்தது. மூன்று வருஷமாகக் கண்மாயில் இறங்காத கூட்டம், சத்தம் போடக்கூடத் தோன்றாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் நின்றவர்கள் கனவில் வருகிற ஆட்கள் மாதிரி தெரிந்தார்கள். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. எல்லார் போனிலும் வெயில் படம்தான் காட்டியது.

மடைக்கருப்பருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. ஊருக்குத் தலைவரான அம்பலம் உடையப்பன் மைக்கில் பேசி முடித்துவிட்டு, "ஏழு மணி ஆச்சு. வீசுப்பா ஏகப்பா" என்றார்.

இவர் வீசவில்லை. என்னைக் கண்ணால் கூப்பிட்டார். மடை மேல் பெண்கள் ஏறுவதில்லை. நான் படிவரை போய் நின்றேன்.

"காயல சித்ரா" என்றார் மெதுவாக. ஆவாரஞ்செடியைக் காட்டினார். அஞ்சு மணிக்குப் போட்ட துண்டு சொட்டச் சொட்டக் கிடந்தது.

"அதுக்கு?"

"மழைன்னா காத்து திரும்பியிருக்கணும், திரும்பல. வெயில்னா துண்டு காஞ்சிருக்கணும், காயல. ரெண்டும் இல்லாத மாரி இருக்கு. ஒச்சம்மா ஆடு செத்த அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

போன வருஷம் இதே சித்திரையில், காலை ஒன்பது மணிக்கு, நல்ல வெயிலில், ஆடு மேய்க்கிற ஒச்சம்மாளின் நாலு ஆடுகள் இடி விழுந்து செத்தன. முன்னெல்லாம் கோடை இடி சாயங்காலம்தான் விழும். இரண்டாயிரம் பேர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படியும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? இப்போதும் நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. "மக பாத்துக்கிட்டு நிக்கிறா. போன்ல எல்லாம் வெயில்னு போட்டிருக்கான். வீசித் தொலைங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த வெள்ளைத் துண்டைத் தூக்கினார். கரை முழுக்க ஊத்தாக்கள் ஒரு சாண் மேலே எழும்பின. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, எனக்கு ஒரு வருஷம் போல இருந்தது. பிறகு கையை இறக்கித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"எனக்குத் தெரியல அம்பலம்" என்றார்.

"என்னாது?"

"தெரியலங்கிறேன். இடி விழுமா, வெயில் அடிக்குமா, ஒண்ணும் தெரியல. இன்னைக்கு மட்டுமில்ல, நாலஞ்சு வருசமாவே தெரியல. கேக்குறவுகளுக்கு இல்லைன்னு சொல்ல முடியாம, தெரிஞ்ச மாரி சொல்லிக்கிட்டு இருந்தேன். இறங்குங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இறங்காதீகன்னு சொல்லவும் வரல."

அம்பலத்தின் கையில் இருந்த மைக் அணைக்காமல் இருந்திருக்கிறது. அவ்வளவும் குழாய் ஒலிபெருக்கி வழியாகத் தண்ணீரின் மேல் போய் எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. தெரியல, தெரியல என்று கண்மாயே சொன்னது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. நான் சிவரஞ்சனி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"துண்டைக் குடுய்யா, நாங்க வீசிக்கிறோம்!" என்று எவனோ கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள்.

"எவன்டா அவன்? இங்குட்டு வாடா!" என்று புளியமரத்தடியிலிருந்து ஒரு குரல். ஒச்சம்மாள்தான். அவளுக்கு மைக்கே வேண்டாம். "நாப்பது வருசமா ஆடு மேய்க்கிறேன், எனக்கே தெரியலடா. முன்னெல்லாம் மழைக்கு முன்னாடி ஆடுக ஒண்ணாக் கூடி நிக்கும். இப்ப நனைஞ்ச பிறகுதான் கூடுதுக. ஆட்டுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோ?"

யாரும் சிரிக்கவில்லை. கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்த ஒருவர் அம்பலத்தின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "எங்க ஊர்ல இந்த வருசம் தையிலயே நுங்கு வந்துருச்சுங்க. யார்ட்ட சொன்னாலும் நம்ப மாட்டாகன்னு நான் சொல்லல" என்றார். செங்கல் சூளைக்காரர் ஒருவர், பச்சைக் கல்லை அறுத்துக் காயப்போட்டு மூன்று தடவை கரைந்துபோனதைச் சொன்னார். வத்தல் போடுகிற ஒரு பெண், "மாடியில கூழைப் பிழிஞ்சா நாலு மணிக்குக் கல்லு மாரி காஞ்சிரும். இப்ப வெயில் சுடுது, ஆனா காய மாட்டேங்குது. என் கைப்பக்குவம்தான் போச்சோன்னு அழுதுருக்கேன்" என்றாள். மைக் கை மாறிக்கொண்டே இருந்தது. குயில் ஐப்பசியில் கூவியதை ஒருவர் சொன்னார். கிணற்றுத் தண்ணீர் விடிகாலையில் சூடாக இருப்பதை ஒருவர் சொன்னார். ஆளுக்கு ஒன்று பார்த்து வைத்திருந்தார்கள். அவரவர் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து, இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அப்படியே எல்லாரும் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். யார் சொல்லியும் இல்லை. டீக்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பிள்ளைகள் ஊத்தாவுக்குள் சுருண்டு தூங்கின. பனி விலகாமலும் கவியாமலும் கிடந்தது. அந்த இரண்டு மூன்று மணி நேரம் எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எட்டரை மணி வாக்கில் மேற்கே எங்கோ ஒரு தடவை கடகடவென்றது. இடியா, கல்குவாரி வெடியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லையே என்று யாரும் வெட்கப்படவும் இல்லை.

பத்து மணிக்குப் பனி கலைந்து நல்ல காற்று வந்தது. உடையப்பன் அம்பலம் எழுந்து, "இன்னைக்குத் துண்டு இல்ல. இறங்குறவுக அவுகவுக கண்ணால பாத்து இறங்குங்க. பயமா இருந்தா ஏறிருங்க" என்றார். கத்தல் இல்லை, ஓட்டம் இல்லை. முதலில் ஒச்சம்மாள் இறங்கினாள். பிறகு பத்துப் பத்துப் பேராக, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு இறங்கினார்கள்.

இவர் மட்டும் மடை மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பார்த்தேன், சிவரஞ்சனி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் நடந்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் முகேஷ். சொல்லிக்கொண்டு கிளம்பத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். படியில் நிற்காமல் மடை மேலேயே ஏறிவிட்டாள். அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

இவர் தலையை நிமிர்த்தவில்லை. "மன்னிச்சிருத்தா. இந்தத் தடவையும் உன்னையக் கூப்பிட்டுட்டு..."

"அன்னைக்கு என் கல்யாணத்துல பெஞ்சது மழைப்பா."

"ஆமாத்தா."

"தூத்தல் இல்ல."

"இல்லத்தா. மழைதான். அடைமழை."

அவ்வளவுதான், உடைந்து அழுதாள் என் மகள். "பந்தல் நனைஞ்சதுக்கா உங்ககிட்டப் பேசாம இருந்தேன்? அவுக வீட்ல சிரிச்சதுக்கா? நான் தொப்பலா நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நிக்கிறேன், என் மூஞ்சியப் பாத்து மழை இல்லன்னு சொன்னீகளேப்பா! ரெண்டு மணி நேரம் சொன்னீகளே! அப்ப நான் நனைஞ்சது உங்களுக்குப் பொய்யா? மழைதான்த்தா, என் கணக்கு தப்பிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீகளான்னு நாலு வருசமாக் காத்துக்கிட்டு இருந்தேன்."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷம் தினமும் போனில் பேசியிருக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. பெற்ற வயிறு என்று பீற்றிக்கொள்வதில் குறைச்சலில்லை. இவர் எழுந்து நின்றார். மகள் தலையில் கை வைத்தார். அழுகிறவளைத் தேற்ற வேண்டியவர், அவளுக்கு மேல் சத்தமாக அழுதார். மாப்பிள்ளை பாவம், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி வாங்க, இறங்குவோம்" என்றாள் சிவரஞ்சனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நான் இறங்கக் கூடாதுத்தா, வழக்கம்..."

"துண்டே வீசல, அப்புறம் என்ன வழக்கம்?"

இவருக்கு ஊத்தா பிடிக்கக்கூடத் தெரியவில்லை. தலைகீழாகப் பிடித்தார். முகேஷ் திருப்பிக் கொடுத்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஐம்பத்து மூன்று வயதில், பச்சைப்பிள்ளை மாதிரி கையை உள்ளே விட்டுத் துழாவி, "அடி ஆத்தி, என்னமோ கடிக்குதுடி!" என்று கத்தினார். கெளுத்தி முள்தான். சிவரஞ்சனி சிரித்த சிரிப்பு கரைவரை கேட்டது. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

அப்போது மறுபடியும் மேற்கே ஒரு தடவை கடகடவென்றது. கண்மாய் முழுவதும் அசைவு நின்றது. பழக்கதோஷம், அத்தனை தலையும் இவர் பக்கம் திரும்பியது. "ஏகப்பா, எப்படி?" என்று அம்பலம் கேட்டார்.

இவர் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, "நீங்களும் பாருங்கண்ணே" என்றார்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம்.